கையடக்க ஆட்டக்கருவி பிளாஷ் அட்டைகளின் ஏமாற்றுக்குறி வசதிகள்

கையடக்க ஆட்டக்கருவி பிளாஷ் அட்டைகளின் ஏமாற்றுக்குறி வசதிகள் என்பவை, கேம் பாய், கேம் பாய் அட்வான்ஸ், நிண்டெண்டோ டிஎஸ் முதலிய கையடக்க நிகழ்பட ஆட்டக்கருவிகளில் செருகப்படும், திரும்பத் திரும்ப எழுதக்கூடிய நினைவக அட்டைகள், ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தின் நினைவக மதிப்புகளை மாற்றுவதற்கு வழங்கும் வசதிகள் ஆகும். இவற்றின் மூலம் ஆட்டக்காரர் உயிர்களின் எண்ணிக்கை, பணம், நேரம், கதாபாத்திரத்தின் வலிமை போன்றவற்றைத் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ள இயலும். எல்லா அட்டைகளும் இவ்வசதியை ஒரே முறையில் தருவதில்லை. குறிகளை எப்போது தெரிவு செய்யலாம், எங்கே சேமிக்கலாம், எவ்வகைக் குறிகளை அட்டை புரிந்துகொள்ளும் என்பவற்றில் அவை வேறுபடுகின்றன. இக்கட்டுரை அவ்வேறுபாடுகளையும், அவற்றிற்கு அடிப்படையான தொழில்நுட்பத்தையும், சட்டநிலையையும் விளக்குகிறது.

## பெயரும் வரையறையும்

ஏமாற்றுக்குறி என்பது பேச்சு வழக்கில் சீட் கோடு எனப்படுகிறது. இது இரு வகைப்படும்.

* உள்ளமை ஏமாற்றுக்குறி: ஆட்டத்தை உருவாக்கியவர்களே அதனுள் வைத்த குறி. 1986ஆம் ஆண்டில் வெளிவந்த கிரேடியஸ் ஆட்டத்தின் பேமிகாம் பதிப்பில் இடம்பெற்ற கொனாமி குறி இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. 2002ஆம் ஆண்டின் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: வைஸ் சிட்டி ஆட்டத்தின் கணினிப் பதிப்பில் விசைப்பலகையில் தட்டச்சு செய்யும் சொற்களும் இவ்வகையே.
* புற ஏமாற்றுக்குறி: ஆட்டத்தை உருவாக்கியவர்கள் எண்ணியிராத வகையில், வெளியிலிருந்து ஒரு வன்பொருளோ மென்பொருளோ நினைவகத்தில் தலையிட்டுச் செய்யும் மாற்றம். பிளாஷ் அட்டைகளில் உள்ளது இவ்வகை.

பிளாஷ் அட்டை என்பது அசல் ஆட்ட அட்டையின் வடிவில் அமைந்து, உள்ளே பிளாஷ் நினைவகத்தையோ மைக்ரோ எஸ்டி அட்டைக்கான துளையையோ கொண்டது. தமிழ்நாட்டில் ஆட்ட அட்டைகள் பொதுவாகக் கேசட் என்றே அழைக்கப்பட்டன. ஒலிநாடாவிற்கும் இதற்கும் தொடர்பு ஏதும் இல்லை எனினும், செருகினால் இயங்கும் பெட்டி என்ற ஒற்றுமையால் இப்பெயர் நிலைத்தது.

## வரலாறு

### இடைச்செருகு கருவிகள்

பிளாஷ் அட்டைகளுக்கு முன்னரே ஏமாற்றுக்குறிக் கருவிகள் இருந்தன. இங்கிலாந்தின் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் உருவாக்கி, அமெரிக்காவில் கலூப் நிறுவனம் விற்ற கேம் ஜீனி, 1990களின் தொடக்கத்தில் பரவலாக அறியப்பட்டது. இது ஆட்டக்கருவிக்கும் ஆட்ட அட்டைக்கும் இடையில் செருகப்பட்டது. இங்கிலாந்தின் டேட்டல் நிறுவனம் ஆக்‌ஷன் ரீப்ளே என்ற பெயரில் இத்தகைய கருவிகளை வெளியிட்டது. அமெரிக்காவில் கேம்ஷார்க் என்ற பெயரும் புகழ்பெற்றது.

### கேம் பாய் அட்வான்ஸ் காலம்

2001ஆம் ஆண்டில் கேம் பாய் அட்வான்ஸ் வெளிவந்தது. இதற்கென வெளிவந்த பிளாஷ் அட்டைகளில் ஆட்டக்கோப்பைக் கணினியிலிருந்து ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றுவதற்கு முன் கணினியிலேயே அக்கோப்பில் ஏமாற்றுக்குறிகளைத் தைத்துவிடும் மென்பொருள்கள் தோன்றின. கேப்ஷார்க்கி அவற்றுள் ஒன்று.

### நிண்டெண்டோ டிஎஸ் காலம்

2004ஆம் ஆண்டில் வெளிவந்த நிண்டெண்டோ டிஎஸ் மொத்தம் 15.4 கோடிக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் விற்பனையானது. இதில் இரு துளைகள் இருந்தன. டிஎஸ் ஆட்டங்களுக்கான துளை முதல் துளை என்றும், கேம் பாய் அட்வான்ஸ் ஆட்டங்களுக்கான துளை இரண்டாம் துளை என்றும் அழைக்கப்பட்டன. தொடக்கத்தில் வந்த பிளாஷ் அட்டைகள் இரண்டாம் துளையைப் பயன்படுத்தின. பின்னர் ஆர்4, ஏஸ்கார்டு, சைக்ளோடிஎஸ் எவலூஷன் போன்ற முதல் துளை அட்டைகள் வந்தபின், மைக்ரோ எஸ்டி அட்டையில் கோப்பைப் படியெடுத்தாலே போதும் என்ற நிலை ஏற்பட்டது. ஏமாற்றுக்குறிகளும் கணினியில் தைக்கப்படும் நிலை மாறி, அட்டையின் பட்டியிலேயே தெரிவு செய்யப்படும் நிலை உருவானது.

## இயங்கும் முறை

### ரோம் இடைமறிப்பு

கேம் ஜீனி வகைக் குறிகள் ரோம் நினைவகத்தின் மதிப்பை மாற்றுகின்றன. ஆட்டக்கருவியின் செயலி ஒரு குறிப்பிட்ட முகவரியைப் படிக்க முனையும்போது, இடையில் உள்ள கருவி அசல் மதிப்பைத் தடுத்துத் தன்னிடம் உள்ள மதிப்பை அனுப்புகிறது. ஓர் உயிர் போகும்போது எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழிக்கும் கட்டளை இருக்கும் இடத்தில், எதையும் செய்யாத கட்டளை ஒன்றை அனுப்பினால் உயிர் குறையாது.

கேம் பாய்க்கான கேம் ஜீனி குறி 6 அல்லது 9 பதினறும இலக்கங்களைக் கொண்டது. முதல் இரு இலக்கங்கள் புதிய மதிப்பையும், அடுத்த நான்கும் சற்று உருமாற்றப்பட்ட முகவரியையும் குறிக்கும். 9 இலக்கக் குறியில் ஓர் ஒப்பீட்டு மதிப்பும் உண்டு. கேம் பாயின் செயலி ஒரு நேரத்தில் 32 கிலோபைட்டு ரோம் நினைவகத்தை மட்டுமே காண இயலும். பெரிய ஆட்டங்கள் 16 கிலோபைட்டுப் பகுதிகளாக மாற்றி மாற்றிக் காட்டப்படும். எனவே ஒரே முகவரியில் வெவ்வேறு நேரங்களில் வெவ்வேறு தரவு இருக்கும். அசல் மதிப்பு எதிர்பார்த்ததாக இருந்தால் மட்டும் மாற்று என்று சொல்வதே ஒப்பீட்டு மதிப்பின் பயன். இது இல்லாத குறிகள் தவறான பகுதியைக் கெடுத்து, திரையில் குப்பை எழுத்துகளைத் தோற்றுவிக்கலாம்.

### ரேம் எழுத்து

கேம்ஷார்க், ஆக்‌ஷன் ரீப்ளே வகைக் குறிகள் ரேம் நினைவகத்தில் எழுதுகின்றன. ஆட்டக்கருவியின் திரை ஒரு நொடிக்கு ஏறக்குறைய 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் செயலிக்கு ஒரு குறுக்கீடு செல்கிறது. ஏமாற்றுக்குறிப் பொறி எனப்படும் சிறு நிரல் இக்குறுக்கீட்டில் தன்னை இணைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் குறிப்பிட்ட முகவரியில் குறிப்பிட்ட மதிப்பை எழுதிவிடுகிறது. ஆட்டம் உயிரைக் குறைத்தாலும் அடுத்த நொடியின் அறுபதில் ஒரு பங்கிற்குள் அது பழைய நிலைக்கு வந்துவிடும். இங்கே ஆட்டத்தின் நிரல் மாறுவதில்லை, அது கையாளும் மாறிகளின் மதிப்பே மாறுகிறது. இவ்வேறுபாடு பின்னர் சட்டத்திலும் முக்கியத்துவம் பெற்றது.

நிண்டெண்டோ டிஎஸ்ஸில் ஆர்ம்9, ஆர்ம்7 என்ற இரு செயலிகள் உள்ளன. ஆட்டத்தின் பெரும்பகுதி ஆர்ம்9 செயலியில் இயங்கும். ஏமாற்றுக்குறிப் பொறியோ பெரும்பாலும் ஆர்ம்7 செயலியில் இயங்கும். இரண்டிற்கும் பொதுவான 4 மெகாபைட்டு முதன்மை நினைவகத்தை இப்பொறி மாற்ற இயலும். ஆனால் ஆர்ம்9 செயலிக்கு மட்டும் உரிய உள் நினைவகத்தை அது காண இயலாது. சில ஆட்டங்களில் சில மதிப்புகளுக்குக் குறி உருவாக்க முடியாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

### குறியின் அமைப்பு

டிஎஸ் அட்டைகளில் பெரும்பாலானவை ஆக்‌ஷன் ரீப்ளே டிஎஸ் வடிவத்தை ஏற்றுக்கொண்டன. ஒவ்வொரு வரியும் 8 பதினறும இலக்கங்கள் கொண்ட இரு பகுதிகளால் ஆனது. முதல் இலக்கம் செயலின் வகையைக் குறிக்கும். அதனைத் தொடரும் 7 இலக்கங்கள் முகவரி. இரண்டாம் பகுதி மதிப்பு.

* 22012344 00000063 – முகவரி 02012344இல் ஒரு பைட்டு எழுதுக. பதினறும எண் 63 என்பது பதின்ம எண் 99 ஆகும்.
* 12012344 00001388 – அதே முகவரியில் இரண்டு பைட்டு எழுதுக. பதினறும எண் 1388 என்பது பதின்ம எண் 5000 ஆகும்.
* 02012344 00100000 – அதே முகவரியில் நான்கு பைட்டு எழுதுக. மதிப்பு 10,48,576 ஆகும்.

(இம்முகவரிகள் விளக்கத்திற்காகத் தரப்பட்டவை. எந்த ஆட்டத்திற்கும் உரியவை அல்ல.)

எழுதும் அளவு முக்கியமானது. ஒரு பைட்டு மட்டுமே உள்ள இடத்தில் நான்கு பைட்டு எழுதினால், அருகில் உள்ள மூன்று மாறிகளும் அழிந்துவிடும். தொடக்கநிலையாளர்கள் உருவாக்கும் குறிகளில் காணப்படும் சில பிழைகள் இதனால் ஏற்படுபவை.

கேம் பாய் அட்வான்ஸிற்கான கோட்பிரேக்கர் வடிவம் சற்றுக் குறுகியது. அதில் முதல் இலக்கம் 3 எனில் ஒரு பைட்டும், 8 எனில் இரண்டு பைட்டும் எழுதப்படும். அதே கருவிக்கான ஆக்‌ஷன் ரீப்ளே குறிகள் மறையாக்கம் செய்யப்பட்டவை. அவற்றைப் பார்த்த அளவில் முகவரியை அறிய இயலாது. மறைநீக்கம் செய்யத் தெரிந்த அட்டையோ மென்பொருளோ தேவை.

### நிபந்தனைக் குறிகள்

வகை இலக்கம் 3 முதல் 6 வரை நான்கு பைட்டு ஒப்பீடுகளையும், 7 முதல் ஏ வரை இரண்டு பைட்டு ஒப்பீடுகளையும் குறிக்கும். பெரிது, சிறிது, சமம், சமமன்று என்ற நான்கும் இவற்றில் அடங்கும். நிபந்தனை நிறைவேறினால் மட்டுமே அடுத்த வரிகள் செயல்படும்.

இதன் மிகப் பயனுள்ள பயன்பாடு பொத்தான் குறி. முகவரி 04000130இல் பொத்தான்களின் நிலை பதிவாகிறது. ஒரு பொத்தான் அழுத்தப்பட்டால் அதற்குரிய பிட்டு 0 ஆகும். எனவே 94000130 என்று தொடங்கும் வரி, குறிப்பிட்ட பொத்தானை அழுத்தும்போது மட்டும் ஏமாற்றுக்குறியைச் செயல்படுத்தும். எக்ஸ், ஒய் பொத்தான்களின் நிலை மட்டும் ஆர்ம்7 செயலிக்குரிய வேறொரு முகவரியான 04000136இல் பதிவாகிறது.

### சுட்டுக் குறிகள்

சில ஆட்டங்களில் ஒரு மதிப்பு எப்போதும் ஒரே முகவரியில் இருப்பதில்லை. போக்கிமான் எமரால்டு, பயர்ரெட் ஆட்டங்களில் சேமிப்புத் தரவு நினைவகத்தில் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் அத்தரவு இப்போது எங்கே உள்ளது என்பதைக் குறிக்கும் சுட்டு ஒரு நிலையான முகவரியில் இருக்கும். முதலில் சுட்டைப் படித்து, அதிலிருந்து குறிப்பிட்ட தொலைவில் எழுதுமாறு அமைப்பதே சுட்டுக் குறியாகும். ஆக்‌ஷன் ரீப்ளே டிஎஸ் வடிவத்தில் வகை எழுத்து பி இதற்குரியது. மடக்கிற்கு சி எழுத்தும், முடிவு முதலிய கட்டுப்பாடுகளுக்கு டி எழுத்தும், தொடர்ச்சியான பைட்டுகளை எழுதுவதற்கு ஈ எழுத்தும் பயன்படுகின்றன. இவை அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால், ஏமாற்றுக்குறி வடிவம் ஒரு சிறிய நிரல் மொழி என்றே கூறலாம்.

## அட்டைகளின் ஒப்பீடு

| அட்டை | கருவி | குறிகளைத் தெரிவு செய்யும் நேரம் | குறிகள் இருக்கும் இடம் |
|---|---|---|---|
| ஆக்‌ஷன் ரீப்ளே டிஎஸ் | டிஎஸ் (அசல் ஆட்ட அட்டையுடன்) | ஆட்டம் தொடங்குமுன் | கருவியின் உள் நினைவகம் |
| சூப்பர்கார்டு (இரண்டாம் துளை) | கேம் பாய் அட்வான்ஸ் | கணினியில், கோப்பை மாற்றும்போது | மாற்றப்பட்ட ஆட்டக்கோப்பு |
| ஆர்4 | டிஎஸ் | ஆட்டம் தொடங்குமுன் | ஒரே தரவுத்தளக் கோப்பு |
| ஏஸ்கார்டு 2, 2ஐ | டிஎஸ் | ஆட்டம் தொடங்குமுன் | ஒரே தரவுத்தளக் கோப்பு |
| சைக்ளோடிஎஸ் எவலூஷன் | டிஎஸ் | ஆட்டத்தின் நடுவிலும் | அட்டைக்கே உரிய தரவுத்தளக் கோப்பு |
| சூப்பர்கார்டு டிஎஸ்டூ | டிஎஸ் | ஆட்டத்தின் நடுவிலும் | ஒரே தரவுத்தளக் கோப்பு |
| ஈஇசட்-பிளாஷ் ஒமேகா | கேம் பாய் அட்வான்ஸ் | ஆட்டம் தொடங்குமுன் | ஆட்டத்திற்கு ஒரு கோப்பு |

ஆக்‌ஷன் ரீப்ளே டிஎஸ் பிளாஷ் அட்டை அன்று. அது அசல் ஆட்ட அட்டையுடன் சேர்ந்து இயங்கும் கருவி. ஆட்டத்தைப் படியெடுக்கும் தேவை இதில் இல்லை. புதிய குறிகள் யுஎஸ்பி வடத்தின் மூலம் கணினியிலிருந்து ஏற்றப்பட்டன. ஏனைய அட்டைகள் பின்பற்றிய குறி வடிவம் இதனுடையது என்பதால் ஒப்பீட்டில் இதற்கு இடமுண்டு.

ஆர்4 மிகப் பரவலாக விற்பனையான டிஎஸ் அட்டை. இதன் அசல் பதிப்பு 2 கிகாபைட்டு வரையிலான மைக்ரோ எஸ்டி அட்டைகளை மட்டுமே ஏற்றது. யுஎஸ்ஆர்சீட் என்ற பெயருடைய ஒரே கோப்பில் எல்லா ஆட்டங்களின் குறிகளும் அடங்கும். அக்கோப்பைக் கணினியில் திருத்துவதற்குத் தனி மென்பொருள் இருந்தது. ஆட்டத்தைத் தொடங்கிய பின் குறியை மாற்ற வேண்டுமெனில், கருவியை அணைத்து மீண்டும் தொடங்க வேண்டும்.

ஏஸ்கார்டு அட்டைகளின் சிறப்பு, தன்னார்வலர்கள் உருவாக்கிய அக்கையோ என்னும் நிலைபொருள் ஆகும். இதுவும் ஆர்4 அட்டையின் கோப்பு வடிவத்தையே ஏற்றதால், ஓர் அட்டைக்காகத் திரட்டப்பட்ட குறித்தொகுப்பு மற்றோர் அட்டையிலும் பயன்பட்டது. பின்னாளில் நிண்டெண்டோ டிஎஸ்ஐ கருவிகளுக்காக உருவான டுவைலைட் மெனு மென்பொருளும் இவ்வடிவத்தையே பயன்படுத்துகிறது.

சைக்ளோடிஎஸ் எவலூஷன் அட்டையில் ஆட்டத்தின் நடுவில் ஒரு பட்டியைத் திறக்கும் வசதி இருந்தது. இதன் மூலம் குறியை இயக்கவும் நிறுத்தவும், ஆட்டத்தை எந்நிலையிலும் சேமிக்கவும், வேகத்தைக் குறைக்கவும் முடிந்தது. கடினமான ஓரிடத்தைக் கடந்தவுடன் குறியை நிறுத்திவிட்டு இயல்பாக ஆட விரும்புவோர்க்கு இது பயன்பட்டது.

சூப்பர்கார்டு டிஎஸ்டூ 2010ஆம் ஆண்டில் வெளிவந்தது. அட்டைக்குள்ளேயே தனிச் செயலி ஒன்றைக் கொண்டிருந்தது இதன் தனித்தன்மை. அச்செயலியின் துணையால் கேம் பாய் அட்வான்ஸ் ஆட்டங்களையும் முதல் துளையிலிருந்தே இயக்க முடிந்தது. தனிச் செயலி மின்கலத்தை விரைவில் தீர்த்துவிடும் என்பது இதன் குறை.

கேம் பாய்க்கான எவர்டிரைவ் அட்டைகள் கேம் ஜீனி குறிகளை ஏற்கின்றன. 1990களில் அச்சிடப்பட்ட குறிப்புத்தகங்கள் இன்றும் பயன்படுவதற்கு இது ஒரு வழி.

சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் போர்ட்டபிள் கருவியில் ஆட்டங்கள் யுஎம்டி ஒளிவட்டில் வந்தமையால் பிளாஷ் அட்டைகள் தோன்றவில்லை. மாற்று நிலைபொருளுடன் இயங்கும் சிடபிள்யூசீட் என்னும் செருகுநிரல் அதே பணியைச் செய்தது.

## ஆட்டத்தை அடையாளம் காணுதல்

ஒரு குறி ஓர் ஆட்டத்தின் ஒரு பதிப்பிற்கு மட்டுமே பொருந்தும். அமெரிக்கப் பதிப்பிற்கும் ஐரோப்பியப் பதிப்பிற்கும் முகவரிகள் வேறுபடும். திருத்தப்பட்ட மறுபதிப்பிலும் அவ்வாறே. எனவே அட்டை இரண்டு விவரங்களைச் சரிபார்க்கிறது. ஒன்று, ஆட்டத்தின் தலைப்புப் பகுதியில் உள்ள நான்கு எழுத்து ஆட்டக்குறியீடு. அதன் இறுதி எழுத்து விற்பனைப் பகுதியைக் குறிக்கும். மற்றொன்று, தலைப்புப் பகுதி முழுவதையும் கொண்டு கணக்கிடப்படும் சுழற்சி மிகைமைச் சரிபார்ப்பு எண். இரண்டும் பொருந்தினால்தான் அவ்வாட்டத்தின் குறிகள் பட்டியில் தோன்றும்.

ஒரே தரவுத்தளக் கோப்பு முறையில் பயனர் எதையும் தேட வேண்டியதில்லை. ஆட்டத்திற்கு ஒரு கோப்பு என்ற முறையில் கோப்பின் பெயரைச் சரியாக வைப்பது பயனரின் பொறுப்பு. ஆனால் அக்கோப்பு சாதாரண உரைக் கோப்பாக இருப்பதால், எந்த உரைத்திருத்தியிலும் அதனைத் திறந்து படித்து மாற்ற இயலும். கற்க விரும்பும் மாணவர்க்கு இரண்டாவது முறையே ஏற்றது.

## குறிகளைக் கண்டறிதல்

புதிய குறியைக் கண்டறிவது ஒரு சலிப்பு முறையாகும். எடுத்துக்காட்டாக, ஆட்டத்தில் 37 நாணயங்கள் உள்ளன எனக் கொள்வோம்.

1. நினைவகம் முழுவதிலும் 37 என்ற மதிப்பு உள்ள முகவரிகளைத் தேடுக. ஆயிரக்கணக்கில் கிடைக்கலாம்.
2. ஆட்டத்தில் 5 நாணயங்களைச் செலவிடுக.
3. முன்னர் கிடைத்த முகவரிகளில் இப்போது 32 உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொள்க.
4. ஓரிரு முகவரிகள் எஞ்சும் வரை இதனைத் தொடர்க.
5. எஞ்சிய முகவரியில் வேறு மதிப்பை எழுதி, ஆட்டத்தில் மாற்றம் தெரிகிறதா எனப் பார்க்க.

திரையில் எண்ணாகத் தெரியாத மதிப்புகளுக்கு, கூடியது, குறைந்தது, மாறவில்லை என்ற ஒப்பீடுகளைக் கொண்டு இதே முறையைப் பின்பற்றலாம். இப்பணி பெரும்பாலும் கணினியில் இயங்கும் எமுலேட்டர் மென்பொருள்களில் செய்யப்பட்டு, கிடைத்த குறி பின்னர் அட்டையில் ஏற்றப்படுகிறது. ஆட்டத்தில் தெரியும் எண்ணும் நினைவகத்தில் உள்ள எண்ணும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. சில ஆட்டங்கள் மதிப்பை உருமாற்றி வைக்கும். சில, திரையில் காட்டுவதற்கென ஒரு படியைத் தனியே வைத்திருக்கும். அப்படியை மாற்றினால் எண் மட்டும் மாறும், நாணயம் கூடாது.

## குறைபாடுகளும் இடர்களும்

சேமிப்புத் தரவு சிதைதல். ரேம் நினைவகத்தில் செய்யப்படும் மாற்றம் கருவியை அணைத்தவுடன் மறைந்துவிடும். ஆனால் இடையில் ஆட்டத்தைச் சேமித்தால், தவறான மதிப்பும் சேர்ந்து சேமிக்கப்படும். போக்கிமான் ஆட்டங்களில் ஒவ்வொரு போக்கிமானின் தரவிற்கும் ஒரு சரிபார்ப்புத் தொகை உண்டு. குறி தரவை மாற்றித் தொகையை மாற்றாமல் விட்டால், அந்தப் போக்கிமான் கெட்ட முட்டையாக மாறிவிடும். பல மாத உழைப்பு ஒரு நொடியில் இழக்கப்படலாம். குறிகளைப் பயன்படுத்துவதற்கு முன் சேமிப்புக் கோப்பைப் படியெடுத்து வைப்பதே இதற்குத் தீர்வு. மைக்ரோ எஸ்டி அட்டையில் சேமிக்கும் பிளாஷ் அட்டைகளில் இது எளிது. அசல் அட்டையுடன் இயங்கும் கருவிகளில் இது எளிதன்று.

ஆட்டம் உறைதல். ஏமாற்றுக்குறிப் பொறிக்கு ஒதுக்கப்படும் இடம் மிகச் சிறியது. ஒரே நேரத்தில் பல குறிகளைத் தெரிவு செய்தால் ஆட்டம் உறைந்து நிற்கலாம்.

போலி அட்டைகள். ஆர்4 என்ற பெயரில் பல்வேறு உற்பத்தியாளர்கள் அட்டைகளை வெளியிட்டனர். அவற்றின் நிலைபொருள்கள் ஒன்றுக்கொன்று பொருந்தா. சில போலி அட்டைகளின் நிலைபொருளில், குறிப்பிட்ட தேதிக்குப் பின் இயங்காதபடி நிரல் சேர்க்கப்பட்டிருந்தது. அட்டை பழுதானது என்று எண்ணி அதனை வீசியவர்கள் பலர்.

பிறருடன் ஆடுதல். தனியே ஆடும்போது ஏமாற்றுக்குறி எவரையும் பாதிப்பதில்லை. ஆனால் 2005 முதல் 2014ஆம் ஆண்டு மே 20 வரை இயங்கிய நிண்டெண்டோ வை-ஃபை இணைப்புச் சேவையில், மாரியோ கார்ட் டிஎஸ் போன்ற ஆட்டங்களில் குறிகளைப் பயன்படுத்தியோரால் ஏனையோரின் ஆட்டம் கெட்டது. அறிமுகமற்ற ஒருவரின் இசைவின்றி அவரது ஆட்ட விதியை மாற்றுவது என்ற வகையில், இது தனியாட்ட ஏமாற்றிலிருந்து வேறானது.

## சட்ட நிலை

இரு வினாக்கள் இங்கே பிரித்தறியப்பட வேண்டும். ஏமாற்றுக்குறி பதிப்புரிமையை மீறுகிறதா என்பது ஒன்று. பிளாஷ் அட்டை பாதுகாப்பை உடைக்கிறதா என்பது மற்றொன்று. நீதிமன்றங்கள் இவ்விரண்டிற்கும் வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளன.

ஏமாற்றுக்குறி: கேம் ஜீனி தொடர்பாக நிண்டெண்டோவுக்கும் கலூப் நிறுவனத்திற்கும் நடந்த வழக்கில், 1992ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கலூப் நிறுவனத்திற்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. கேம் ஜீனி ஒரு புதிய வழிப்படைப்பை உருவாக்கவில்லை என்பது அதன் கருத்து. ஐரோப்பாவில், பிளேஸ்டேஷன் போர்ட்டபிள் கருவிக்கான ஆக்‌ஷன் ரீப்ளே மென்பொருள் தொடர்பாக சோனி நிறுவனம் டேட்டல் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், 2024ஆம் ஆண்டு அக்டோபர் 17 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிரலின் மூலக்குறிமுறையையோ பொருட்குறிமுறையையோ மாற்றாமல், ரேம் நினைவகத்தில் உள்ள மாறிகளின் மதிப்பை மட்டும் மாற்றுவது, கணினி நிரல்களுக்கான ஐரோப்பியப் பாதுகாப்பு நெறியின்கீழ் உரிமை மீறலாகாது என்று அந்நீதிமன்றம் கூறியது.

பிளாஷ் அட்டை: 2009ஆம் ஆண்டு பிப்ரவரியில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் ஆர்4 போன்ற அட்டைகளின் விற்பனைக்குத் தடை விதித்தது. 2010ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் உயர்நீதிமன்றமும் இத்தகைய அட்டைகளின் விற்பனை சட்டத்திற்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. உரிமமற்ற ஆட்டப் படிகளை இயக்க உதவுவது இவற்றிற்கு அடிப்படையாக அமைந்தது.

இந்தியா: 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. சட்டப்படி வைத்திருக்கும் நிரலை இழப்பிலிருந்து காக்கத் தற்காலிகப் படியெடுக்கப் பிரிவு 52 இடமளிக்கிறது. உரிமமற்றது என அறிந்தே ஒரு நிரற்படியைக் கணினியில் பயன்படுத்துவது பிரிவு 63பியின்கீழ்க் குற்றமாகும். 2012ஆம் ஆண்டின் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட பிரிவு 65ஏ, உரிமையை மீறும் நோக்கத்துடன் தொழில்நுட்பப் பாதுகாப்பை உடைப்பதற்கு இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கிறது. நோக்கம் என்ற சொல் இங்கே இன்றியமையாதது. தாம் விலைக்கு வாங்கிய ஆட்டத்தில் மதிப்புகளை மாற்றிப் பார்ப்பதும், வாங்காத ஆட்டத்தை இணையத்திலிருந்து இறக்கி ஆடுவதும் ஒன்றல்ல.

## இந்தியாவிலும் சென்னையிலும்

இந்தியாவில் 1990களில் பரவலாக இருந்தவை, தொலைக்காட்சியுடன் இணைக்கப்படும் பேமிகாம் வகைப் போலிக் கருவிகளும், பிரிக் கேம் எனப்பட்ட எளிய கையடக்கக் கருவிகளும் ஆகும். பேமிகாம் வகைக் கருவிகளுடன் வந்த பல்லாட்டக் கேசட்டுகளில் நூற்றுக்கணக்கான, சிலவற்றில் இலட்சக்கணக்கான ஆட்டங்கள் இருப்பதாக அச்சிடப்பட்டிருக்கும். உண்மையில் சில பத்து ஆட்டங்களே இருக்கும். எஞ்சியவை அதே ஆட்டத்தின் தொடக்கக் கட்டத்தையோ உயிர்களின் எண்ணிக்கையையோ மாற்றி, வேறு பெயரில் பட்டியலிடப்பட்டவை. கான்ட்ரா ஆட்டத்தைக் கூடுதல் உயிர்களுடன் தொடங்கும் பதிப்பு இதற்கு எடுத்துக்காட்டு. அதாவது, ஏமாற்றுக்குறி என்ற சொல்லையே அறியாத பல இந்தியச் சிறுவர்கள், அட்டையிலேயே தைக்கப்பட்ட ஏமாற்றுக்குறிகளைப் பயன்படுத்தி வந்தனர்.

நிண்டெண்டோ ஆட்டக்கருவிகளின் முறையான விற்பனை இந்தியாவில் நெடுங்காலம் குறைவாகவே இருந்தது. 2008ஆம் ஆண்டில் எச்.சி.எல். இன்போசிஸ்டம்ஸ் நிறுவனம் நிண்டெண்டோ டிஎஸ், வீ ஆகியவற்றை விநியோகிக்கத் தொடங்கியது. சென்னையில் மின்னணுப் பொருட்களுக்குப் பெயர்பெற்ற இடங்கள் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும், கடற்கரை இரயில் நிலையத்திற்கு எதிரே உள்ள பர்மா பஜாரும் ஆகும். பர்மா பஜார், பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் மறுவாழ்விற்காக 1969ஆம் ஆண்டில் தோன்றியது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற பகுதிகளின் மாணவர்களுக்கு 2000களில் குறிகள் கிடைத்த வழி பெரும்பாலும் இணைய மையங்களே. வீட்டில் இணைய இணைப்பு இல்லாதோர் அங்கே குறிப்பட்டியல்களைத் தேடித் தாளில் எழுதிக்கொண்டு சென்றனர்.

இப்பொருளுக்கும் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்விக்கும் ஒரு தொடர்பு உண்டு. 8085 நுண்செயலி ஆய்வகப் பயிற்சியில் மாணவர்கள் பயிற்சிப் பலகையின் பதினறும விசைப்பலகையில் ஒரு முகவரியைத் தட்டி, பின்னர் அம்முகவரியில் வைக்க வேண்டிய மதிப்பைத் தட்டுவர். இத்தகைய பலகைகளைத் தயாரிக்கும் வி மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் சென்னை பெருங்குடியில் அமைந்துள்ளது. முகவரி, மதிப்பு என்ற இணையே ஏமாற்றுக்குறியின் அடிப்படையும் ஆகும். ஆய்வகத்தில் பொருள் விளங்காமல் தட்டிய எண்கள், ஆட்டக்கருவியின் திரையில் உயிராகவும் பணமாகவும் மாறுவதைக் காணும் மாணவர்க்கு நினைவகம், குறுக்கீடு, சுட்டு ஆகிய கருத்துருக்கள் எளிதில் விளங்கும்.

## கலைச்சொற்கள்

* ஆட்டக்கருவி – கேம் கன்சோல்
* இரும இலக்கம் – பிட்டு
* ஏமாற்றுக்குறி – சீட் கோடு
* குறுக்கீடு – இன்டரப்ட்
* சரிபார்ப்புத் தொகை – செக்சம்
* சுட்டு – பாயின்டர்
* செருகுநிரல் – பிளக்-இன்
* தரவுத்தளம் – டேட்டாபேஸ்
* நிலைபொருள் – ஃபர்ம்வேர்
* பதினறும எண் – ஹெக்ஸாடெசிமல் எண்
* மறையாக்கம் – என்கிரிப்ஷன்
* முகவரி – அட்ரஸ்